கருவிலேயே தொடங்கும் காவல்

(ஓசூரில் நடந்த எங்கள் மருத்துவமனை நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தளியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்த் தூங்காமல் நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, ஆனேக்கல்லிலிருந்து வந்த நண்பர்களையும் காண்கிறோம். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர் எல்லோரும் ஒரே பந்தலில் உட்காருவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் எத்தனை பிரசவம் பார்த்தோம், எத்தனை அறுவை சிகிச்சை செய்தோம் என்று கணக்குச் சொல்வோம். இம்முறை அந்தக் கணக்கைப் பொருளாளர் பார்த்துக்கொள்வார். நாங்கள் செய்த ஒரு தவற்றையும், அது எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பெரிய பாடத்தையும் பற்றிப் பேச விரும்புகிறோம். பாடம் கொஞ்சம் கடினமானது. தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போதே அதன் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் எப்படி உருவாகின்றன, எந்த மரபணு எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது என்பதே அது. எங்களால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஆறு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், விடாத வயிற்றுப்போக்கு, வாய் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. பிறந்தபோது இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி ஆறவே இல்லை. அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைத்திருந்தது. எடை மூன்றரைக் கிலோ. தாய்ப்பால்தான் கொடுத்திருந்தார். "இதுக்கு முன்னாடி பையன் ஒண்ணு, அஞ்சு மாசத்துல இதே மாதிரிதான் போனான், டாக்டரம்மா" என்றார்.

நாங்கள் அந்த வார்த்தையைக் கேட்டோம். ஆனால் அதன் பொருளைக் கேட்கவில்லை. சத்துக்குறைவு, நிமோனியா என்று கேஸ் ஷீட்டில் எழுதி, சலைன் ஏற்றி, மருந்து கொடுத்தோம். ஒன்பதாம் நாள் குழந்தை இறந்துவிட்டது.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆய்வகத்திலேயே செய்த சாதாரண இரத்தப் பரிசோதனை அதில் இருந்தது. மொத்த வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 6,000. அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவற்றில் லிம்போசைட் என்னும் வகை நூற்றுக்கு 8 மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் 480. அந்த வயதுக் குழந்தைக்குச் சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டும். 3,000க்குக் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும். விடை எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. ஒரு பெருக்கல் கணக்கை நாங்கள் போடவில்லை.

அந்தக் குழந்தைக்கு இருந்தது, பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி முற்றிலும் இல்லாத நிலை. 'சிவியர் கம்பைன்ட் இம்யூனோடெபிஷியன்சி', சுருக்கமாக 'ஸ்கிட்' என்பார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டேவிட் வெட்டர் என்ற சிறுவன் 1971இல் பிறந்து 1984இல் இறக்கும்வரை ஏறக்குறைய முழு வாழ்நாளும் கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வாழ்ந்தான். உலகப் பத்திரிகைகள் அவனைக் குமிழிக்குள் வாழும் பையன் என்று எழுதின. அவனுக்கு இருந்ததும் இந்த நோயில் ஒரு வகைதான். அமெரிக்காவில் தெரிந்த அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் ஊர்களில் இதே நோயால் போன பிள்ளைகள் பேதியில் போனார்கள், சளியில் போனார்கள் என்றே எழுதப்பட்டார்கள்.

நண்பர்களே, இந்தக் காவல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது பார்ப்போம்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் உள்ளன. தோல் அணுவிலும் அதே 20,000. ஈரல் அணுவிலும் அதே 20,000. இரத்த வெள்ளையணுவிலும் பெரும்பாலும் அதேதான். அப்படியானால் தோல் ஏன் தோலாகவும் ஈரல் ஏன் ஈரலாகவும் இருக்கிறது?

நம் ஊரிலுள்ள ஒரு பெரிய வண்டித் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுவதற்குமான வரைபடக் கட்டு ஒன்று இருக்கிறது. எஞ்சின் பிரிவுக்கும் அந்த முழுக் கட்டையே கொடுக்கிறார்கள், பெயிண்ட் பிரிவுக்கும் முழுக் கட்டையே கொடுக்கிறார்கள். ஆனால் பெயிண்ட் பிரிவுக்காரர் எஞ்சின் தாளைத் திறப்பதில்லை. தமக்கு வேண்டிய தாளை மட்டும் திறந்து, ஜெராக்ஸ் எடுத்து, மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். மரபணு வெளிப்பாடு என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். எல்லா உயிரணுவிலும் முழுக் கட்டு இருக்கிறது. எந்தத் தாள் திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த ஜெராக்ஸ் நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். ஒரு மேசையில் எந்தெந்தத் தாளின் நகல் எத்தனை கிடக்கிறது என்று எண்ணிவிட்டால், அது எந்தப் பிரிவு, இப்போது என்ன வேலை நடக்கிறது என்று வெளியாள்கூடச் சொல்லிவிடலாம்.

முன்பெல்லாம் இந்த நகல்களை எண்ண வேண்டுமானால் இலட்சக்கணக்கான உயிரணுக்களை ஒன்றாக அரைத்துத்தான் எண்ண முடியும். எல்லாப் பிரிவுகளின் மேசைகளையும் ஒரே குப்பையாகக் கொட்டி எண்ணுவது போன்றது அது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வோர் உயிரணுவையும் தனித்தனியே பிரித்து எண்ணும் முறை வளர்ந்திருக்கிறது. 2016இல் சாரா டீக்மன், அவிவ் ரெகெவ் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் முன்னின்று, மனித உடலின் எல்லா உயிரணுக்களுக்கும் ஒரு வரைபடத் தொகுப்பு உருவாக்கும் பன்னாட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதி, கருவில் வளரும் குழந்தையின் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றியது.

கருவில் நடப்பதைக் கேளுங்கள். கரு உண்டான மூன்றாம் வாரத்திலேயே கருவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையில் முதல் இரத்த அணுக்கள் தோன்றுகின்றன. அம்மாவுக்கே தான் கர்ப்பம் என்பது அப்போது சரியாகத் தெரிந்திருக்காது. நான்கு, ஐந்தாம் வாரங்களில், குழந்தையின் பெரிய இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்தே சில அணுக்கள் பிரிந்து, வாழ்நாள் முழுவதும் இரத்தம் உண்டாக்கும் மூல அணுக்களாக மாறுகின்றன. அவை ஈரலுக்குப் போகின்றன. பிறக்கும் முன்பு பல வாரங்கள் ஈரல்தான் நமக்கு இரத்தப் பட்டறை. மூன்றாம் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு மஜ்ஜை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது.

அங்கிருந்து ஒரு கூட்டம் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குச் செல்கிறது. அங்கே படித்துத் தேறுபவை டி லிம்போசைட்டுகள். மஜ்ஜையிலேயே தங்கிப் பயிற்சி பெறுபவை பி லிம்போசைட்டுகள்; எதிர்ப்புப் பொருள்களைச் செய்பவை அவைதாம். தைமஸ் எதற்கு என்று 1961 வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அந்த ஆண்டு ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடனே தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகள் நோயை எதிர்க்க முடியாமல் வாடிப்போவதைக் கண்டு சொன்னார். 1965இல் மேக்ஸ் கூப்பர், கோழிகளை வைத்து, இந்தக் காவலில் இரண்டு தனிப் பிரிவுகள் உண்டென்று காட்டினார்.

தைமஸில் நடக்கும் கல்வி மிகக் கண்டிப்பானது. நுழையும் அணுக்களில் நூற்றுக்கு 95க்கு மேல் தேறாமல் அங்கேயே மடிந்துவிடுகின்றன. எதிரியை அடையாளம் காண முடியாதவை தோற்கின்றன. நம் உடலையே எதிரியென்று நினைப்பவையும் பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. அப்படியும் தப்பி வெளியே வந்துவிடும் முரட்டு அணுக்களை அடக்குவதற்கென்றே ஒரு தனிப் படை உண்டு. அந்தப் படை உருவாக பாக்ஸ்பி3 என்ற மரபணுத் தாள் திறக்க வேண்டும். அதைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். உலகில் கிருமிகள் கோடிக்கணக்கானவை. நம்மிடம் இருப்பது 20,000 மரபணுதான். அத்தனை பூட்டுக்கும் சாவி எப்படிச் செய்வது? சுசுமு டொனெகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1976இல் விடை சொன்னார். அதற்காக 1987இல் நோபல் பரிசு பெற்றார். லிம்போசைட்டுகள் தம் வரைபடத்தின் சில தாள்களைத் தாமே துண்டுதுண்டாக வெட்டி, புதுப்புது வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு புதுச் சாவி கிடைக்கிறது. வெட்டும் கத்தரிக்கோல் எது? ராக்1, ராக்2 என்ற இரண்டு மரபணுக்கள் என்று 1989, 1990ஆம் ஆண்டுகளில் டேவிட் ஷாட்ஸ், மார்ஜரி ஓட்டிங்கர், டேவிட் பால்டிமோர் ஆகியோரின் குழு கண்டுபிடித்தது.

கத்தரிக்கோலைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருப்போமா? உடலும் அப்படித்தான். ராக் தாள்கள் உடலின் மற்ற அணுக்களில் மூடியே கிடக்கின்றன. வளரும் லிம்போசைட்டில் மட்டும், குறித்த கட்டத்தில் திறக்கின்றன. சாவியின் ஒரு பாதியைச் செய்ததும் மூடிக்கொள்கின்றன. அணு பல மடங்காகப் பெருகுகிறது. மறுபடி ஒருமுறை திறந்து, மறு பாதியைச் செய்துவிட்டு மூடுகின்றன. வேலை முடிந்தபின் கத்தரிக்கோல் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இப்போது எங்கள் கேஸ் ஷீட்டுக்குத் திரும்பி வருவோம். ராக்1 தாளே கிழிந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். மூல அணுக்கள் உண்டு. அவை தைமஸுக்கும் போகின்றன. கத்தரிக்கோல் எடுக்க வேண்டிய கட்டம் வருகிறது, கத்தரிக்கோல் இல்லை. அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிடுகிறது. டி அணுவும் இல்லை, பி அணுவும் இல்லை. ஐ.எல்.2ஆர்.ஜி. என்ற இன்னொரு தாள் கிழிந்தால், அணுக்கள் வளர்வதற்கான கட்டளையைக் கேட்கும் காதே இல்லாமல் போகிறது. டேவிட் வெட்டருக்கு இருந்தது அந்தக் குறை. அவன் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1993இல்தான் அந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே எந்தத் தாள் எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்தால்தான், ஒரு குழந்தையில் வேலை எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று சொல்ல முடியும்.

அந்த வரிசையைத்தான் புதிய வரைபடங்கள் காட்டுகின்றன. 2019இல் முஸ்லிஃபா ஹனிஃபா என்ற மருத்துவ விஞ்ஞானியின் குழு, கருக் குழந்தையின் ஈரலிலிருந்து ஏறக்குறைய 1,40,000 அணுக்களையும், தோல், சிறுநீரகம், மஞ்சள்கருப் பை ஆகியவற்றிலிருந்து 74,000 அணுக்களையும் ஒவ்வொன்றாகப் படித்து வெளியிட்டது. 2020இல் தைமஸ் வரைபடம் வந்தது. 50க்கும் மேற்பட்ட அணு நிலைகள் அதில் பிரித்துக் காட்டப்பட்டன. 2022இல் ஒன்பது உறுப்புகளிலிருந்து 9,00,000க்கும் மேற்பட்ட அணுக்களைச் சேர்த்த பெரிய வரைபடம் வெளிவந்தது. இரத்தமும் நோய் எதிர்ப்பு அணுக்களும் ஈரலிலும் மஜ்ஜையிலும் மட்டும் உருவாவதில்லை, கருவில் வேறு பல உறுப்புகளிலும் உருவாகின்றன என்பது அதிலிருந்து தெரிய வந்த செய்திகளுள் ஒன்று.

உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இந்தக் கருவின் அணுக்கள் எங்கிருந்து வந்தன? அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. இங்கிலாந்தில் கர்ப்பம் முடிந்துபோன தாய்மார்கள், சட்ட முறைப்படி எழுத்தில் சம்மதம் தந்து ஆராய்ச்சிக்கென்று கொடுத்த திசுக்களிலிருந்து அவை வந்தன. இதைக் கேட்டு மனம் கனக்கிறவர்கள் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். எங்கள் மருத்துவர்களுக்குள்ளும் இதில் ஒரே கருத்து இல்லை. அந்த அறிவு எங்கோ ஒரு தாயின் துக்கத்திலிருந்து வந்தது என்பதை மறக்காமல், உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறோம்.

இந்த வரைபடம் தானாக ஒரு குழந்தையையும் சுகமாக்காது. ஆனால் ஒரு குழந்தையின் மரபணுவைப் படிக்கும்போது, இதுவரை யாரும் கண்டிராத ஓர் எழுத்துப்பிழை அகப்படலாம். அது நோய்க்குக் காரணமா, சும்மா கிடக்கும் வேறுபாடா? அந்தத் தாள் லிம்போசைட் வளரும் கட்டத்தில் திறக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கிறது. நம் நாட்டு மக்களின் அணுக்களும் இத்தகைய தொகுப்புகளில் இடம்பெறத் தொடங்கியிருக்கின்றன. இந்தியா உட்பட ஐந்து ஆசிய நாடுகளைச் சேர்ந்த 619 பெரியவர்களின் இரத்த அணுக்களைப் படித்த ஒரு தொகுப்பு 2025இல் வெளியானது.

இந்த அறிவிலிருந்து பிறந்த எளிய பரிசோதனை ஒன்றும் உண்டு. கத்தரிக்கோல் வெட்டும்போது, டி அணுவுக்குள் ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் கழிவாக விழுகிறது. தையற்காரர் கடையில் தரையில் துணுக்குத் துணி கிடந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று தெரிவதுபோல், அந்த வளையம் இரத்தத்தில் இருந்தால் தைமஸ் வேலை செய்கிறது என்று பொருள். இல்லையென்றால் ஆபத்து. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை அட்டையில் உலர்த்தி அனுப்பினால் போதும். 2008இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைத் தொடங்கியது. 2018 முடிவதற்குள் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. அங்கே எண்ணிப் பார்த்ததில் ஏறக்குறைய 58,000 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இப்பரிசோதனை செய்யப்படுவதில்லை.

சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். உயிர்தான் பிரயோஜனம். 1968இல் அமெரிக்காவில் ராபர்ட் குட் என்பவரின் குழு, இந்த நோயுள்ள குழந்தைக்கு அதன் சகோதரியின் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தது. அதிலிருந்து மஜ்ஜை மாற்று சிகிச்சையே இதற்கு முக்கிய வழி. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, 240 குழந்தைகளைக் கணக்கெடுத்தது. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 94 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தார்கள். அதற்குப் பிறகு, கிருமித் தொற்று உடம்பில் இருக்கும்போதே சிகிச்சைக்கு வந்தவர்களில் 50 பேர்தான் பிழைத்தார்கள்.

நம் நாட்டு நிலை என்ன? பல மருத்துவமனைகள் சேர்ந்து 277 இந்தியக் குழந்தைகளின் விவரங்களை 2021இல் வெளியிட்டன. ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் நோய் தொடங்குகிறது. ஐந்தாம் மாதத்தில்தான் பெயர் தெரிகிறது. இடையிலிருக்கும் இந்த இரண்டரை மாதத்தில்தான் பிள்ளைகளை இழக்கிறோம். எங்கள் வார்டிலும் அதுதான் நடந்தது.

சிகிச்சைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டி 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் போகும் சாலை நமக்குப் பழகிய சாலைதான். 2024 டிசம்பரில் அதே வேலூரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயுள்ள ஐந்து பேருடைய சொந்த இரத்த மூல அணுக்களை எடுத்து, குறைந்திருந்த மரபணுவை அவற்றில் சேர்த்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றிருந்தது. அது வேறு நோய்தான். ஆனால் கிழிந்த தாளுக்குப் பதில் நல்ல தாளை வைக்கும் அதே வழி இந்தக் குழந்தைகளுக்கும் சில நாடுகளில் கையாளப்படுகிறது.

செலவு பெரியது என்பது உண்மை. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், ஒரே முறை சிகிச்சையால் குணமாகும் நோய்களின் பட்டியலில் இந்நோயும் இருக்கிறது. அதற்கான உதவித்தொகையின் உச்ச வரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கென்று அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் நிலத்தை விற்றவர்கள் உண்டு.

இனி, நம் ஊரில் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதும், அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொள்வதும் எல்லைக்கு இரு பக்கமும் உள்ள பழக்கம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடந்தது. கிழிந்த தாள் ஒன்று நம் எல்லோரிடமும் எங்காவது இருக்கும். நல்ல தாள் இன்னொன்று துணைக்கு இருப்பதால் தெரிவதில்லை. ஒரே பாட்டனின் கிழிந்த தாள் கணவனிடமும் மனைவியிடமும் இருந்தால், பிள்ளைக்கு இரண்டும் கிழிந்த தாளாகக் கிடைக்க ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

அந்தக் குடும்பத்தை நாங்கள் ஊருக்கே போய்த் தேடிக் கண்டுபிடித்தோம். திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தார். "என் தம்பிக்குத்தானே கொடுத்தேன், வெளியிலயா கொடுத்தேன்? பிள்ளை தங்காத வயிறுன்னு ஊர் பேசுது" என்று அழுதார். மகள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கள் தவற்றை அவர்களிடம் ஒப்புக்கொண்டோம். அது சுலபமாக இருக்கவில்லை. மருமகன் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார். போனது தாயின் வயிற்றால் அல்ல, தகப்பன் பக்கமும் தாய் பக்கமும் சம பங்கு உண்டு, இருவர் மேலும் குற்றமில்லை என்று விளக்கினோம். அந்தத் தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த பிள்ளை பிறந்தா முன்னாடியே தெரியுமா, டாக்டரம்மா?"

தெரியும் என்றோம்.

அடுத்த குழந்தை ஆண். பிறந்த அன்றே இரத்தம் எடுத்தோம். லிம்போசைட்டுகள் மறுபடியும் மிகக் குறைவு. பி.சி.ஜி. போடவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் தைமஸ் நிழல் இல்லை. பெங்களூருக்கு அனுப்பிய இரத்தத்தில் டி அணுவும் பி அணுவும் ஏறக்குறைய இல்லை என்று வந்தது. பிறகு மரபணுப் பரிசோதனையில் ராக்1 தாளில் பிழை என்று தெரிந்தது. மூத்த பெண் நலமாக இருந்தாள். அவளுடைய மஜ்ஜை தம்பிக்குப் பொருந்தியது. மூன்றாம் மாதம் பெரிய மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை நடந்தது. நடுவில் பயந்த நாட்கள் உண்டு. இப்போது அவன் அங்கன்வாடிக்குப் போகிறான். அவனுடைய இரத்தத்தில் ஓடுவது அக்காவின் காவல்.

அவனுக்கு முன்னால் போன இரண்டு பிள்ளைகளையும் நாங்கள் மறக்கவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் அண்ணன் தம்பி அக்கா தங்கை கிடைப்பதில்லை என்பதையும், எல்லாச் சிகிச்சையும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.

ஆகவே, வீட்டுக்குப் போகும்போது நான்கு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒரு குடும்பத்தில் ஒரு வயதுக்குள் பிள்ளை இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு மட்டும், பரிசோதனை முடிவு வரும்வரை பி.சி.ஜி., வாய்வழிப் போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளி வைப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி காலம் தவறாமல் போட வேண்டும். இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நலமான பிள்ளையைக் காசநோயிலிருந்து காப்பது அந்த ஊசிதான்.

இரண்டு: வாய்ப்பூஞ்சை, வயிற்றுப்போக்கு, சளி ஆகியவை திரும்பத் திரும்ப வந்து, எடை ஏறாத கைக்குழந்தையைக் கண்டால் லிம்போசைட் எண்ணிக்கையைக் கேளுங்கள். நூற்றுக்கு இத்தனை என்பது போதாது. மொத்தத்தோடு பெருக்கிச் சொல்லும்படி கேளுங்கள். சில குழந்தைகளுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் நோய் இருக்கலாம்; சந்தேகம் தீராவிட்டால் பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று: அத்தகைய குழந்தைக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சு கொடுத்துத் தயாரித்த இரத்தமே வேண்டும். சாதாரண இரத்தத்திலுள்ள அந்நிய லிம்போசைட்டுகள் குழந்தையின் உடலையே தாக்கிவிடும்.

நான்கு: பிள்ளையை இழந்த தாயின் மேல் பழி போடாதீர்கள். யாராவது போட்டால், இங்கே கேட்டதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இரத்த அறிக்கையில் லிம்போசைட்டின் மொத்த எண்ணிக்கையைப் பெருக்கி எழுதுகிறார்கள். 3,000க்குக் குறைந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டு, அறிக்கையைக் கையோடு கொண்டுவந்து மருத்துவரிடம் கொடுக்கிறார்கள். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. சிவப்பு வட்டமிட்ட பெரும்பாலான குழந்தைகளுக்குச் சாதாரணத் தொற்றுதான் இருந்திருக்கிறது. திரும்பப் பரிசோதித்தால் எண்ணிக்கை ஏறியிருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு வட்டத்தையும் நின்று பார்க்கிறோம்.

கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை வந்து பாருங்கள். தனியாகப் பேச விரும்பும் தாய்மார்களுக்காக வெளிநோயாளிப் பிரிவில் ஓர் அறையைத் திறந்து வைத்திருக்கிறோம்.